குரோட்டன் நிற்கிற முனை

தூண்டில் போடக் கரைக்கு ஆள் கூட்டிப்போகிற வேலையில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்னைப் பார்க்க வந்தால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். மீன் எங்கே நிற்கும்? எந்தக் கொக்கி, எந்த இரை, எவ்வளவு நூல் என்பதையெல்லாம் கை தானாகப் படித்துக்கொள்ளும், அதற்கு நான் வேண்டியதில்லை. தெரியாத கரையில் ஆளைக் கொண்டுபோய் எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பதுதான் இந்த உத்தியோகம். அதில் நான் இடறி விழுந்த கதை ஒன்று இருக்கிறது. விழுந்தவனுக்குத்தான் குழி எங்கே என்று தெரியும் என்பதால் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஹட்டன் பக்கம் நான் இருந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே அணை கட்டித் தண்ணீரைத் தேக்கினார்கள். எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசன் அப்படியே தண்ணீருக்குள் போயிற்று. தேயிலை, ரோடு, கோயில், ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் எதுவும் மிச்சமில்லை. கோயில் சாமியை மட்டும் முன்கூட்டியே மேளத்தோடு மேலே கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே இருந்த குடும்பங்களுக்கு எங்கள் மேல் டிவிசனில், எங்கள் லயத்துக்குப் பக்கத்திலேயே, புது லயம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே புதுத் தகரம் பளபளத்தது. எங்கள் தகரமோ எப்போதும் ஒழுகும். அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் மேல் கொஞ்சம் வயிற்றெரிச்சல். ஊரையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்து ஒரு தகரத்துக்காகப் பொறாமைப்பட்டோம், மனிதப் புத்தி அப்படித்தான்.

நான் அதுவரை மலை வாச்சராக இருந்தேன். கீழ் டிவிசனுக்கு மேலே இருந்த விறகு மரக்காட்டைக் காவல் காப்பது வேலை. காட்டில் பாதி தண்ணீருக்குள் போனது, மீதியை அதற்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி யாரைக் காவல் காப்பது? மீன் வந்து விறகு திருடுமா? தோட்டத்தில் வேலை இருந்தால்தான் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பெயர். பெயர் இருந்தால்தான் லயத்தில் அறை. என் மனைவி தெய்வானை முதல் பிள்ளைக்குப் பிறகு உடம்பு முடியாமல் வேலையை விட்டிருந்தாள், அப்போது இரண்டாவதும் வயிற்றில் இருந்தது. எங்கள் வீட்டுக்கு இருந்தது என் பெயர் ஒன்றுதான். அதை வெட்டினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் சின்னத் துரை கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்கு உதவியாக இருப்பவரை அப்படிச் சொல்வோம். இந்த நாட்டுக்காரர்தான், எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார். சுற்றுவட்டாரத் துரைமார் எல்லாம் சேர்ந்து புதுத் தண்ணீரில் தூண்டில் போட ஒரு கிளப் வைத்திருந்தார்கள், அதற்கு இவர் செக்ரட்டரி. கெண்டைக் குஞ்சுகளைத் தண்ணீர் ஏறத் தொடங்கியபோதே விட்டிருந்தார்கள். மீன் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

"முத்தையா, கீழ்ப்பக்கம் ஒனக்கு நல்லாத் தெரியும்தானே?" என்றார்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேங்க தொரை."

"அப்ப கரையில நல்ல எடமாப் பாரு. சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் முடியிறதுக்குள்ள ஒரு போட்டி வைக்கிறோம். அன்னைக்கி மீன் விழுந்தா நீ கரை வாச்சர். விழலேன்னா ஒனக்குக் குடுக்க எங்கிட்ட வேற வேலை இல்ல."

மிரட்டவில்லை. மழை வரப்போகிறது, குடை எடுத்துக்கொள் என்பதுபோலத்தான் சொன்னார். அதனாலேயே எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது.

நான் முதலில் பார்த்த இடங்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஜீப் வரக்கூடிய இடம், நிழல் உள்ள இடம், நாற்காலி போட்டால் ஆடாத இடம். துரைமார் உட்காரும் அழகை மனதில் வைத்தே கரை முழுவதும் சுற்றினேன். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அட்டைதான் காலில் ஏறியது. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

"தொரை ஒக்கார்ற எடத்தப் பாத்தீங்க. மீனு ஒக்கார்ற எடத்தப் பாத்தீங்களா?" என்றாள் தெய்வானை. அவளுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்னைப் பற்றி எல்லாம் தெரியும்.

வழி காட்டியவர் ஹட்டன் பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நானா என்றுதான் கூப்பிடுவோம். தென்கரையில் பிறந்து, வியாபாரத்துக்காக மலைக்கு ஏறியவர். கருவாடு வாங்கப் போன இடத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன். வாலிபத்தில் அவர் மச்சான்மாரோடு மன்னார்ப் பக்கம் போய்க் கரையில் நின்று மீன் பிடித்தவராம். அங்கே ஒரு மனிதரையும் தெரியாது, ஒரு கல்லையும் தெரியாது.

"தெரியாத கரைக்குப் போனா மொத நாளு தூண்டிலத் தொடவே கூடாது தம்பி. தண்ணி வத்துற நேரம் பாத்து வெறுங்கையோட நடக்கோணும். எங்க பள்ளம் ஈக்கிது, எங்க கல்லு ஈக்கிது, எந்தக் கல்லுல சிப்பி ஒட்டி ஈக்கிது, எல்லாத்தையும் கண்ணால பாக்கோணும். அல ஒடையாம சும்மா வார எடம் ஈந்தா, அது ஆழம். கரையில நிக்கிற பனையையும் தூரத்து மினாராவையும் ஒரே கோட்டுல வெச்சி மனசுல குறிச்சிக்கோணும். பொறகு தண்ணி ஏறுற நேரம் அந்தக் கோட்டுல போய் நிண்டா, மீனு விருந்துக்கு வந்த மாதிரி வரும்."

"நம்ம தண்ணி வத்தாதே நானா."

நானா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நாங்க அர நாளு பாத்தத நீங்க வருசக் கணக்குல பாத்தீங்களே! அணை கட்ட முந்தி நீங்க காவல் காத்தது என்ன? வத்துன கடலத்தானே?"

கருவாட்டை மறந்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

மறுநாள் விடிந்ததும் விறகு மரக்காடு இருந்த மேட்டில், நான் வழக்கமாக உட்காரும் பாறையில் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து கீழ் டிவிசனை நான் பார்க்காத நாளில்லை. மனதுக்குள் தண்ணீரை இறக்கிவிட்டுப் பார்த்தேன். ரோடு தெரிந்தது. பாலம் தெரிந்தது. ஆறு வளைந்து திரும்பும் இடம் தெரிந்தது. வளைவின் வெளிப்பக்கம் நல்ல ஆழம். உள்பக்கம் தரை நாக்கு மாதிரி நீண்டு, புல் மண்டி, அங்கங்கே சிவப்பும் மஞ்சளுமாகக் குரோட்டன் செடிகள். தேயிலைக்கு எல்லை பிரிக்க நட்டிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஆழத்துக்குப் பக்கத்திலேயே புல்தரை இருந்தால் மீன் மேயாமல் இருக்குமா? ஃபேக்டரிப் புகைக்கூண்டையும் எதிர்மலையில் தனித்து நின்ற பாறையையும் ஒரே கோட்டில் வைத்து இறங்கினேன்.

தூண்டிலைப் போட்டு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்கூட ஆகவில்லை. நூல் இழுத்த இழுப்பில் உள்ளங்கை அறுபட்டது. தொடை பருமனில் கெண்டை. அதை எடுத்துப் போடுவதற்குள் இன்னொன்று. மீனைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே சின்னத் துரை பங்களாவுக்கு ஓடினேன். அவர் அப்போதே என்னோடு வந்து இடத்தைப் பார்த்தார். "போட்டி இங்கதான்" என்று என் தோளில் தட்டினார். துரை கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் பக்கம் முதல் வேட்டையைத் தனியாகத் தின்கிற வழக்கமில்லை. தெய்வானை மீனைத் துண்டு போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். புது லயத்தில் முதல் அறையில் இருந்த பாக்கியத்துக்கும் ஒரு தட்டு போயிற்று. கீழ் டிவிசனில் இருந்து வந்தவர், புருசனை இழந்தவர், கொழுந்து எடுத்துத் தனியாகப் பிழைத்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

பொழுது சாய்வதற்குள் பாக்கியம் தட்டோடு வந்தார். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பார்கள், அதனால் ஏதோ கீரை கொண்டுவருகிறார் என்று நினைத்தேன். தட்டில் நாங்கள் கொடுத்த மீன் துண்டுகள் அப்படியே இருந்தன.

"கோவிச்சுக்காதீங்க தம்பி," என்றார். "நீங்க நின்னு புடிச்ச எடத்த மேல இருந்து பாத்தோம். அது எங்களுக்கு மண்ணு போடுற எடம். எங்க வீட்டுக்காரரு அங்கதான் இருக்காரு."

"குரோட்டன் நின்ன எடமாக்கா?"

"ஆமா. தலமாட்டுக்கு ஒரு கொப்பு நடுவோம். அவருக்கு மஞ்சப் புள்ளி போட்டது. நாந்தான் நட்டேன்."

எங்கள் டிவிசனில் தலைமாட்டில் ஒரு கல் நடுவோம். எங்கள் சாவு எங்கள் மேட்டில், அவர்கள் சாவு அவர்கள் ஆற்றோரத்தில், அதுவும் பொழுது சாய்ந்து நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் மண் போடுவார்களாம். ஒரே தோட்டம்தான், ஆனால் அவர்களுடைய பாட்டன் பூட்டன் வந்த ஊர் வேறு, எங்களுடையது வேறு. கல்லைத் தேடிய கண்ணுக்குக் குரோட்டன் வெறும் எல்லைச் செடியாகத் தெரிந்திருக்கிறது. தரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் எனக்குத் தெரியும். யாருடைய தரை என்றுதான் தெரியாமல் போயிற்று.

"மத்த ஆளுங்க கொதிச்சுப் போயிட்டாங்க. தெரியாம செஞ்சிருப்பாருன்னு நான் சொல்லி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை வாசலில் வைத்துப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைத் தொடாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதோடு, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பயமும் வந்தது. போட்டி அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இடம் துரை கையில் போய்விட்டது.

அன்று எங்கள் வீட்டிலும் யாரும் மீன் தொடவில்லை. "மீனு அங்கேயிருந்து போயிருச்சுன்னு தொரைகிட்ட சொல்லிப்பாருங்களேன்" என்றாள் தெய்வானை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெருக்கடியில் முதலில் வாய்க்கு வருவது பொய்தான், அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பொய்க்குக் காவல் காப்பது விறகுக் காட்டைக் காவல் காப்பதைவிடக் கஷ்டம். நான் ஒரு நாள் சொல்வேன், மறுநாள் ஒரு துரை அங்கே போய்த் தூண்டில் போட்டுப் பார்ப்பார்.

அதனால் புது லயத்துக்குப் போனேன். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாக்கியம் மட்டும் பலகையை இழுத்துப் போட்டார்.

"அக்கா, அந்தக் கரையில இனி நிக்க மாட்டேன். ஆனா எங்கயாவது நிக்கணும், இல்லாட்டி எனக்குப் பேரு இருக்காது. கீழ என்னென்ன எங்கெங்க இருந்துச்சு, சொல்லுங்க."

திரும்பிப் பார்க்காமலே ஒருவர், தண்ணீர் பிடிக்கிற பீலி இருந்த இடத்தைச் சொன்னார். அது அங்கே இல்லை, இங்கே என்றார் இன்னொருவர். கொய்யா மரம் யாருடையது என்று ஒரு சண்டை. மரமே தண்ணீருக்குள் அழுகிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பாத்தியதை பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் பாக்கியம், "மாட்டுக் காலைய மறந்துட்டீங்களே" என்றார். லயத்து மாடுகளையெல்லாம் அங்கேதான் கட்டுவார்களாம். பக்கத்தில் எருக்குழி, அதற்குக் கீழே காய்கறிப் பாத்தி.

"மம்பட்டியப் போட்டா மண்ணைவிடப் புழுதான் அதிகமா வரும். நான் மீனா இருந்தா அங்கதான் குடியிருப்பேன்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாட்டுக் காலை வாசலில் நின்றால் எதிரே அருவியும் அதற்குக் கீழே இரட்டைப் பாறையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் என்று அடையாளமும் சொன்னார். கடலையே பார்க்காத அந்த அம்மாவும் நானாவும் ஒரே பாஷை பேசினார்கள்.

இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் சரிவு, வழுக்கல், நிழல் கிடையாது, ஜீப் வராது. போட்டிக்கு முன் போட்டுப் பார்த்ததில் விரல் நீளத்தில் ஒரு குஞ்சுதான் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை துரைமார் வந்தார்கள். கொழும்பில் இருந்து ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். அவர்களை எருக்குழிக் கரைக்கு நடத்திக்கொண்டு போனேன். வழியில் வழுக்கிய ஒவ்வொரு துரையும் என்னைத் திரும்பிப் பார்த்தார். சின்னத் துரையின் முகம் இறுகியிருந்தது. தூண்டில்களைப் போட்டார்கள். பனி விலகியது. வெயில் ஏறியது. ஒரு நூலும் அசையவில்லை. தூரத்தில் அந்த வளைவில் கெண்டை ஒன்று துள்ளி விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நீ காட்டுன எடம் அதுதானே?" என்றார் சின்னத் துரை. "இங்க ஏன் கொண்டாந்த?"

எல்லா நாற்காலியும் என் பக்கம் திரும்பியிருந்தது.

"அது பொதைகுழிங்க தொரை. கீழ் டிவிசன்ல செத்தவங்கள அங்கதான் பொதைச்சிருக்கு. அன்னைக்கி எனக்குத் தெரியாது."

"அதான் இப்ப தண்ணிக்கு அடியில போயிருச்சே?"

"ஆமாங்க தொரை. அவங்க தண்ணிக்கு அடியில இருக்காங்க. அவங்க பொண்டாட்டி புள்ளைங்க அந்தா மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். புது லயத்துத் தகரத்துக்குக் கீழே, மேட்டு ஓரமாக, பெண்களும் ஆண்களும் வரிசையாக நின்றிருந்தார்கள். சத்தம் போடவில்லை, சைகை காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு நாளில் வேலையற்று நிற்பவர்கள் மாதிரியும் இருந்தது, காவல் நிற்பவர்கள் மாதிரியும் இருந்தது. துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இங்கயே போடட்டும்" என்றார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "மீன் விழலேன்னா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று கரைப் பக்கம் திரும்பியது. சின்னச் சின்ன அலை வந்து ஓரத்து மண்ணைக் கலக்கியதும் விருந்தாளியின் தூண்டில் வளைந்தது. நல்ல கெண்டை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு பேருக்கு. அவ்வளவுதான். வளைவில் நின்றிருந்தால் சாக்கில் அள்ளியிருப்பார்கள், அது அவர்களுக்கும் தெரியும். துரைமார் கெண்டையைத் தின்ன மாட்டார்கள், எடை பார்த்துவிட்டு என்னிடம் தள்ளிவிட்டுப் போனார்கள். சின்னத் துரை என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. தெய்வானை அந்த மீனிலும் பாக்கியத்துக்கு ஒரு தட்டு அனுப்பினாள். அன்று தட்டு திரும்பி வரவில்லை.

மறுநாள் விடியற்காலை பெரட்டு. ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. கொழுந்துக்கு இன்னார், கவ்வாத்துக்கு இன்னார், புல் வெட்ட இன்னார். வாச்சர்மார் பெயர் வந்தது, அதில் என் பெயர் இல்லை. வரிசை கலைந்து ஒவ்வொருவராக மலைக்கு ஏறினார்கள். நான் மட்டும் நின்றேன். எங்கள் அறையில் எதை முதலில் மூட்டை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "முத்தையா, கரைக்கு. தொரை ஒண்ணு சொல்லச் சொன்னாரு. ஆத்து வளைவுப் பக்கம் யாரையும் தூண்டில் போட விடக்கூடாதாம், தொரைமாரா இருந்தாலும். அதையும் நீயே பாத்துக்கணுமாம்."

மறுபடியும் வாச்சர் ஆனேன். அந்த வேலையைத்தான் ஓய்வு பெறும்வரை பார்த்தேன்.

அன்று சாயந்தரம் பாக்கியம் தட்டைக் கொண்டுவந்தார். "மீனு நல்லா இருந்துச்சு. எங்க மாட்டுச் சாணி வீண் போகல" என்று தெய்வானையிடம் சொல்லிச் சிரித்தார். தட்டில் ஈரச் சாக்குத் துணி சுற்றிய ஒரு குரோட்டன் கொப்பு இருந்தது. மஞ்சள் புள்ளி போட்டது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அவர் புருசன் தலைமாட்டுச் செடியில் ஒரு கொப்பை ஒடித்துவந்து லய வாசலில் வளர்த்திருக்கிறார்.

"நீங்க அன்னைக்கி நின்ன கரையில நட்டுருங்க தம்பி. உங்களுக்கு அப்புறம் வர்ற வாச்சருக்குத் தெரிய வேணாமா?"

நட்டேன். இப்போது புதராகி நிற்கிறது. அதற்கு எதிரே மீன் துள்ளும் சத்தம் உங்களுக்கும் கேட்கும். கூட்டிவந்த ஆள் அங்கே போகலாமா என்று கேட்பார். உங்களுக்குத்தான் தெரியுமே.